ரிசல்ட் வரும் வரைக்கும்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததிலிருந்து நீ பகல் பன்னிரண்டுக்குத்தான் எழுகிறாய், யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்று உங்கம்மா போனில் வருத்தப்பட்டாள். பையன் சோம்பேறி ஆகிவிட்டான் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் இருந்தவரை காலை மணி, பஸ், டியூஷன், இன்டர்வெல்லில் கூட்டாளிகள் என்று உன் நாளை யாரோ கட்டிக் கொடுத்தார்கள். கடைசிப் பரீட்சையோடு அத்தனையும் ஒரே நாளில் அவிழ்ந்துவிட்டது. உன் வயதில் தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். அதனால் ராத்திரி கண்விழித்திருப்பது உனக்குச் சுலபம். இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டுப் படுத்தால் காலை வெளிச்சமே கண்ணில் படாது. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். எழும்போது வெயில் உச்சியில் நிற்கும், வெளியே போக முடியாது, மறுபடி போன்தான். சாயங்காலமானால் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதே, அதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

டைம்டேபிள் எல்லாம் போட வேண்டாம் மாப்ளே. எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள். ஏழு மணி என்றால் ஏழு. முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும் அதே ஏழு. முகம் கழுவிவிட்டு நேரே மொட்டைமாடிக்குப் போ. சித்திரை பிறந்துவிட்டது, உங்கம்மா வத்தல் பிழிந்துகொண்டிருப்பாள். வேட்டித் துணியை விரித்து நான்கு மூலையிலும் கல் வை. கூழ் ஆறுவதற்குள் அச்சில் நிரப்பிக் கொடு. இறுகிவிட்டால் பிழிய அவளுக்குக் கை வலிக்கும். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். எதிரே உட்காரவைத்து, ‘உனக்கு என்னடா பிரச்சினை?’ என்று கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்?

உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதனால் இரவில் போன் கூடத்திலேயே சார்ஜில் கிடக்கட்டும். வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரமாவது மைதானத்தில் ஓடு.

மே மாதம் ரிசல்ட் வரும் வரை மனசு அதையே சுற்றும், தெரியும். ஒரு பாடத்தில் தவறினால்கூட துணைத்தேர்வு எழுதி இந்த வருஷமே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். சென்னையில் 1986-ல் தற்கொலைத் தடுப்புக்கென்றே ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்த ஏற்பாட்டுக்காகக் குரல் கொடுத்தவர். ஒரு வருஷம் வீணாகிவிடும் என்ற பயமே பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று அவருக்குத் தெரியும்.

எழும் நேரத்தைச் சரிசெய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் சோர்வாக இருந்தால், கிரிக்கெட்கூடப் பிடிக்காமல் போனால், என்னிடம் சொல். டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு போன் செய். அது அரசின் டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

உன் கூட்டாளிகளில் எவனாவது குரூப்பில் திடீரென்று அமைதியாகிவிட்டால், ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற மாதிரிப் பேசினால், சாகணும்னு தோணுதாடா என்று நேராகவே கேள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகுமோ என்று பயப்படாதே, ஆகாது. கேட்கும் ஆள் ஒருவன் இருக்கிறான் என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதல். யாரிடமும் சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கினாலும் இந்த விஷயத்தில் அதை மீறு. பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடு. அவன் உன்மேல் கோபப்பட்டால் படட்டும்.

ரிசல்ட்டுக்கு முந்தின நாளே நான் லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். மார்க் எத்தனை வந்தாலும் அன்று மத்தியானம் எல்லாரும் வீட்டில் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம் என்று உங்கம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
மாமா