ஊர்ச்சொல் வழியே ஆங்கிலச் சொல்

ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்யும் நம் கிராமப்புற மாணவர்கள், ஒரு சொல்லின் வரலாறு தெரிந்துவிட்டால் அதை எளிதில் மறப்பதில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஆங்கிலம் கற்பித்துவரும் அனுபவத்தில் இதைக் கண்டிருக்கிறேன். 8, 9ஆம் வகுப்புகளில் நான் பின்பற்றும் முறையை இங்கே பகிர்கிறேன்.

பெயர்ப்பலகையில் தொடங்குவோம்

'வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயரில் வில்லியனூர் தமிழ், கொம்யூன் பிரெஞ்சு, பஞ்சாயத்து வடமொழி வேரில் பிறந்தது. கொம்யூனின் லத்தீன் வேருக்குப் 'பொதுவானது' என்று பொருள். காமன், கம்யூனிட்டி என்னும் ஆங்கிலச் சொற்களும் அதே வேரில் கிளைத்தவை.

தமிழிலிருந்து சென்றவை

கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. சோழமண்டலக் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தை, 1697இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் டேம்பியர் விவரித்தார். இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட நவீனப் படகைக் குறிக்கிறது. கட்டும் இல்லை, மரமும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. சொல்லின் பொருள் காலத்தால் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

சுருட்டு 'செரூட்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' என்ற சூப் ஆனது. குருந்தம் 'கொரண்டம்' ஆனது. இது மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 9ஆம் இடத்தில் உள்ள கனிமம். மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. அறிவியல் ஆசிரியரும் இச்சொல்லைப் பயன்படுத்தலாம்.

இத்தகைய சொற்களைத் திரட்டிய 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. ஹென்றி யூலுடன் இணைந்து அதைத் தொகுத்த பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

ஓசையை மட்டும் நம்பலாகாது

'கேஷ்' என்ற சொல் 'காசு' என்பதிலிருந்து வந்ததா? மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' உண்டு. கீழைநாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்த பழைய சொல், நம் காசிலிருந்து போர்த்துகீசியம் வழியாகச் சென்றது. வங்கியில் நாம் சொல்லும் 'கேஷ்' வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு அல்லது இத்தாலியச் சொல்லிலிருந்து வந்து, பெட்டியிலுள்ள பணத்துக்கு ஆகிவந்தது அது.

ஒலி ஒத்திருப்பது ஐயத்தை எழுப்பலாம், முடிவைத் தராது. எப்போது, எவர் வழியாக, எந்தப் பொருளில் சென்றது என்ற மூன்றுக்கும் விடை வேண்டும். சமூக ஊடகத்தில் வரும் சொல்லாராய்ச்சிகளையும் இதே மூன்று கேள்விகளால் மாணவர்கள் சோதிக்கலாம்.

கவனம் தேவைப்படும் சொல்

'பரையா' என்ற ஆங்கிலச் சொல் பறையர் என்ற பெயரிலிருந்து வந்தது. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய அப்பெயரை, 'ஒதுக்கப்பட்டவர்' என்னும் பொருளில் ஐரோப்பிய மொழிகள் எடுத்துக்கொண்டன. இதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அம்மக்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். பாடத்திலோ செய்தித்தாளிலோ சொல் எதிர்ப்பட்டால், அதன் வேரோடு அதிலுள்ள அநீதியையும் விளக்கி, அச்சொல்லை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

1. நால்வர் கொண்ட குழுக்கள் வீடு, கடை, வயல், கடற்கரை ஆகிய இடங்களிலிருந்து ஐந்து சொற்களைத் திரட்டட்டும்.
2. ஒவ்வொன்றும் எம்மொழிச் சொல் என முதலில் ஊகித்து எழுதட்டும்.
3. பிறகு சொற்பிறப்பு தரும் அகராதியில் சரிபார்க்கட்டும்.
4. 'உறுதி', 'ஐயம்', 'தவறு' என மூன்று பத்திகளில் பிரித்துச் சுவரில் ஒட்டட்டும்.

ஊகம் தவறினால் மதிப்பெண் குறைக்க வேண்டாம்; சரிபார்த்ததற்கு மதிப்பெண் கொடுங்கள். வீட்டுச் சொல்லோடு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அகராதியைத் திறக்க ஒரு காரணம் கிடைக்கிறது. ஆங்கிலத்தின் மீதுள்ள அச்சமும் மெல்லக் குறைகிறது.