வேட்டைத் துப்பாக்கி வாங்குமுன்

வேட்டையாடிப் பெறும் இறைச்சி நமது மார்க்கத்தில் ஆகுமானதே. பழக்கப்படுத்திய வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்று ‘மாயிதா’ அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. அதற்கு முந்திய 3ஆம் வசனமோ, அடிபட்டுச் செத்ததை விலக்குகிறது. துப்பாக்கி வேட்டை பற்றிய சட்டம் முழுவதும் இவ்விரு வசனங்களுக்கு இடையில்தான் அமைந்திருக்கிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நிலபுலம் உள்ள நம் சகோதரர்களில் சிலர், “குறைந்த விலையில் நல்ல வேட்டை ரைபிள் எது? அதனால் சுட்டதை உண்ணலாமா?” என்று கேட்பதுண்டு. முதல் வினாவுக்கு விடை எளிது. போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகையில், மேற்கு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிளே நம் நாட்டில் பெயர் பெற்றது. பழைய லீ என்ஃபீல்டு பட்டாளத் துப்பாக்கியின் அமைப்பில் வந்தது. வெளிநாட்டுச் சரக்கைவிட விலை குறைவு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இதற்கு உரிமம் வேண்டும்.

ஆனால் வாங்கியபின் எதைச் சுடுவது?

முயல் ஹலால். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அனுப்பிய முயற்கறியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பிராணி ஹலால் என்பதால் அதை வேட்டையாடுவதும் எப்போதும் கூடும் என்று பொருளாகாது. இஹ்ராம் உடையில் இருப்பவருக்குத் தரைவேட்டை ஹராம். அங்கே மானின் குற்றமோ இறைச்சியின் குற்றமோ எதுவுமில்லை. ‘மாயிதா’வின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று தொடங்கி, அதே மூச்சில் இஹ்ராமில் வேட்டை கூடாது என்பதைச் சொல்வது சிந்திக்கத்தக்கது. நாம் வாழும் நாட்டின் சட்டமும் நாம் ஒப்பிய உடன்படிக்கையே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு வேட்டை உரிமங்களுக்கு இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் நீக்கிவிட்டது. முயலோ கவுதாரியோ சுட்டால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவேளைக் கறிக்காகக் குடும்பத்தைக் கோர்ட்டு வாசலில் நிறுத்துவதா?

இனி, சுட்ட இறைச்சியின் நிலை. ‘மிஃராள்’ என்னும் எறிகோலைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வினவியபோது, கூர்முனை குத்திக் கொன்றதை உண்ணவும், பக்கவாட்டில் அடித்துக் கொன்றதை விடவும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). ஈயக்குண்டு குத்துகிறதா, அடிக்கிறதா? ஹிஜ்ரி 1252இல் மறைந்த ஹனஃபீ சட்ட மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், அது வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது, அதற்கு வெட்டும் முனையில்லை, ஆகவே கூடாது என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலும் இதே தீர்ப்புத்தான். மாலிக்கீ அறிஞர் தர்தீர் (ரஹ்) அவர்கள், உடலைத் துளைத்து இரத்தத்தை ஓட்டுவதால் கூடும் என்றார்கள். கூர்முனைத் தோட்டா வந்தபின் இக்கால உலமாக்களில் பலரும் அப்பக்கம் சாய்கிறார்கள். ஹனஃபீகளும் ஷாஃபிஈகளுமாகிய நம் ஊர்களில், குண்டடி பட்டது உயிரோடு கைக்குக் கிடைத்து, முறைப்படி அறுத்தால்தான் ஐயமற்ற ஹலால். ஒரு வேடிக்கை பாருங்கள்: ரைபிள் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகச் சுடுகிறதோ, அவ்வளவுக்கு அறுப்பதற்கு உயிர் மிஞ்சாது!

யாரேனும் முயற்கறி என்று கொண்டுவந்து கொடுத்தால், வீட்டுப் பெண்கள் சட்டியில் போடுமுன் எப்படிச் செத்தது, யார் அறுத்தார் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. பிள்ளைகள் கையிலுள்ள ஏர்கன்னும் இதில் சேரும். .177 அளவுக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் அதைக் கொண்டு கவுதாரியைச் சுட்டாலும் குற்றமே. அதன் சின்னஞ்சிறு குண்டு அடித்துத்தான் கொல்கிறது. பொடிக்கல் சுண்டி எறிவதைக்கூட, அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைத்துக் கண்ணைப் பறிக்கும் என்று காரணம் காட்டி நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் உழுதுபோடும் காட்டுப்பன்றியின் தொல்லை வேறு விஷயம். பயிரை அழிப்பதைக் கொல்ல மார்க்கத்தில் தடையில்லை; ஆனால் அதையும் நாமாகச் சுடச் சட்டம் இடந்தரவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடுவார்கள்; 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். ஆகவே ரைபிளுக்குப் பணம் சேர்ப்பதைவிட, சேதமான பயிரைக் காட்டி கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் மனுக் கொடுப்பதே வழி. செத்த பன்றியின் கறியை நாம் உண்பதும் விற்பதும் ஹராம். ஈரத்தோடு அதைத் தொட நேர்ந்தால் ஷாஃபிஈகள் ஒருமுறை மண் கலந்த நீரால் சேர்த்து ஏழுமுறையும், ஹனஃபீகள் அசுத்தம் நீங்கும்படி மூன்றுமுறையும் கழுவவேண்டும்.