லாகோசில் ஒரு பொட்டலம் மீ

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துச் சாலையோரக் கடைகளில், முட்டை சேர்த்துச் சமைத்த உடனடி மீ சுடச்சுடக் கிடைக்கும். அதை எந்த நிறுவனம் தயாரித்திருந்தாலும் அந்நாட்டு மக்களில் பலர் 'இந்தோமி' என்றே அழைக்கின்றனர். உலக உடனடி மீ சங்கத்தின் கணக்குப்படி, நைஜீரியர்கள் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 பில்லியன் பொட்டலம் மீ உண்டனர். இந்தோமி என்பது இந்தோனேசியாவில் தோன்றிய பெயர். அதை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டு சென்றது, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'தோலாராம்' என்னும் வணிகக் குழுமம்.

தோலாராம் 1948ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் மலாங் நகரில் துணி வணிகமாகத் தொடங்கியது. 1988ஆம் ஆண்டில் அது நைஜீரியாவில் மீ விற்க முற்பட்டது. அந்நாடு அப்போது இராணுவ ஆட்சியின்கீழ் இருந்தது. மக்கள்தொகை 90 மில்லியன் அளவில் இருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். தொலைபேசி வைத்திருந்தவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. மின்சாரம் அடிக்கடி தடைபட்டது. இவற்றைக் கண்ட பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் பல ஒதுங்கி நின்றன. அவற்றின் கணக்கைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. கையில் காசில்லாத மக்களிடம் எதை விற்பது என்ற கேள்வி நியாயமானதுதான்.

தோலாராம் வேறொரு கணக்குப் போட்டது. வேலைக்காக நகரத்துக்கு வருவோர் நாள்தோறும் பெருகினர். அவர்களுக்கு மலிவாக, விரைவாகச் சமைக்கக்கூடிய உணவு தேவைப்பட்டது. மீ சில நிமிடங்களில் வெந்துவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் அது கெட்டுப்போகாது. மக்கள்தொகையும் தேவையும் பெருகிவந்தாலும் சாலை, மின்சாரம், வங்கிச் சேவை போன்றவை இன்னும் முழுமை பெறாத நாடுகள் உண்டு. அவற்றை வணிக உலகில் 'வளர்ந்துவரும் சந்தைகள்' என்பர். அங்கு இன்று என்ன விற்கிறது என்று பார்ப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. மக்கள் எதனால் சிரமப்படுகிறார்கள் என்று பார்ப்பவருக்கே வழி தென்படும்.

முதல் தடை நாக்கிலிருந்து வந்தது. கிழங்கு, சோறு, அவரை வகைகள் ஆகியவற்றை உண்டு பழகிய மக்கள் அதற்கு முன் மீயைப் பார்த்ததே இல்லை. சுருண்டு சுருண்டு கிடந்த அதனைப் பார்த்த பலர், புழுவை விற்கிறார்கள் என்றே நினைத்தனர்! இத்தகைய எண்ணத்தை விளம்பரப் பலகையால் மாற்ற முடியாது. எனவே, நிறுவனத்தினர் மக்கள் கூடும் இடங்களுக்குச் சென்று, அங்கேயே மீயைச் சமைத்துச் சுவைபார்க்கக் கொடுத்தனர். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. பிள்ளைகள் கேட்டதால் தாய்மார்கள் வாங்கினர். பின்னாளில் அந்நாட்டு மக்களின் நாவுக்கு ஏற்ற வெங்காயக் கோழிச் சுவையும் விற்பனைக்கு வந்தது.

தொடக்கத்தில் மீ இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வந்தது. 1995ஆம் ஆண்டில் நைஜீரியாவிலேயே தொழிற்சாலை எழுந்தது. இறக்குமதி செய்து விற்பவர் சுங்கவரி கூடினாலும் தவிப்பார், கப்பல் தாமதமானாலும் தவிப்பார். ஆனால், அங்கேயே உற்பத்தி செய்வது அதைவிட எளிதாக இருந்துவிடவில்லை. தொழிற்சாலைக்குத் தேவையான மின்சாரத்தை நிறுவனமே உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. தண்ணீருக்கும் தானே வழி தேட வேண்டியிருந்தது. கோதுமை மாவுக்கு ஆலை, பொட்டலம் கட்டும் தாளுக்கு ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்ட நேர்ந்தது. சிங்கப்பூரில் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் கிடைத்துவிடும் சேவைகளுக்காக அங்கே ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

பொட்டலத்தைக் கடைக்குக் கொண்டு சேர்ப்பது இன்னொரு போராட்டம். நைஜீரியாவில் பெரும்பாலோர் பேரங்காடிக்குச் செல்வதில்லை. தெருமுனைச் சிறுகடைகளிலும் திறந்தவெளிச் சந்தைகளிலும்தான் பொருள்களை வாங்குகின்றனர். அத்தகைய எண்ணற்ற கடைகளுக்கு, குண்டும் குழியுமான சாலைகளில், மீ பெட்டிகள் போய்ச் சேர வேண்டும். அதற்காகத் தோலாராம் சொந்த லாரிகளை வாங்கியது. ஓட்டுநர்களை வேலைக்கு அமர்த்தியது. 'மல்ட்டிப்ரோ' என்ற விநியோக நிறுவனத்தை வளர்த்தது. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கெல்லாக்ஸ் நிறுவனம் நைஜீரியாவில் கால்பதிக்க விரும்பியபோது, அந்த விநியோக நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்கியது. அந்த உடன்பாட்டின் மதிப்பு 450 மில்லியன் அமெரிக்க டாலர். புகழ்பெற்ற உணவு நிறுவனம் ஒன்று அவ்வளவு பணத்தையும் லாரிகளுக்கும் கடைக்காரர்களின் தொடர்புக்குமே கொடுத்தது எனலாம்.

துறைமுகத்தின் கதையும் இதுபோன்றதே. லாகோசின் பழைய துறைமுகமான அப்பாப்பாவில் நெரிசல் மிகுதி. கொள்கலன் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் காத்து நிற்கும். நகருக்குக் கிழக்கே லெக்கியில் ஆழ்கடல் துறைமுகம் ஒன்றை அமைக்கும் திட்டத்தில் தோலாராம் இறங்கியது. சீன நிறுவனம் ஒன்றும் லாகோஸ் மாநில அரசும் நைஜீரியத் துறைமுக ஆணையமும் அதில் பங்குதாரர்களாயின. ஏறத்தாழ 1.5 பில்லியன் அமெரிக்க டாலர் செலவில் உருவான அத்துறைமுகம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது.

மின்சாரம், சாலை, துறைமுகம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் தடைகள். கண்ணுக்குத் தெரியாத தடை நாணயம். 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 470 நைரா கொடுத்தால் போதும். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 1,500 நைரா அளவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. லாகோஸ் கடைக்காரர் ஒருவருக்கு 470,000 நைராவுக்குக் கடனாகச் சரக்கு கொடுத்த வணிகரை எண்ணிப் பாருங்கள். கொடுத்த நாளில் அது 1,000 டாலர். கடைக்காரர் நேர்மையாக முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தாலும், சில மாதங்கள் கழித்து அது 313 டாலர்தான். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் முதலில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

நைஜீரியாவில் டாலர் கிடைப்பதே அரிதாக இருந்த காலமும் உண்டு. அங்கு வணிகம் செய்துவந்த கேவல்ராம் சன்ராய் குழுமம் 1989ஆம் ஆண்டில் அதற்கு ஒரு வழி கண்டது. அந்நாட்டில் விளையும் பருத்தி, முந்திரி, கோக்கோ போன்றவற்றை ஏற்றுமதி செய்து டாலர் ஈட்டுவதற்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதுவே 1996ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்து, இன்று உலகின் பெரிய வேளாண் வணிக நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கும் 'ஓலாம்'. மேற்கு ஆப்பிரிக்காவின் முந்திரிக்கொட்டை தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கப்பலேறிச் செல்கிறது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் பருப்பு அப்படி ஓடு நீக்கப்பட்டு வந்ததாகவும் இருக்கலாம்.

புதிதாகத் தொழில் தொடங்கும் இளையரால் ஆலையோ துறைமுகமோ கட்ட முடியாது. அவருடைய தொடக்கம் ஒரு பொருள், ஒரு நகரம், ஒரு கொள்கலன் என்ற அளவில்தான் இருக்கும். என்டர்பிரைஸ் சிங்கப்பூர் போன்ற அரசாங்க அமைப்புகள் வெளிநாட்டுச் சந்தையை ஆராயவும் அங்குள்ள வணிகர்களைச் சந்திக்கவும் உதவி வழங்குகின்றன. ஆயினும், சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும் நாள்களின் கவலை அவருடையதே. பணம் வருமுன் சரக்கை அனுப்ப விற்பவர் அஞ்சுவார். சரக்கைக் காணுமுன் பணம் கொடுக்க வாங்குபவர் அஞ்சுவார்.

இந்த அச்சத்தைப் போக்க வணிகர்கள் பயன்படுத்தும் கருவி, கடன் உறுதிக் கடிதம். குறிப்பிட்ட ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக, வாங்குபவரின் வங்கி விற்பவருக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த வங்கியிடமே டாலர் இல்லாமல் போகக்கூடிய நாடாக இருந்தால், விவரமறிந்த விற்பனையாளர் தம் ஊரிலுள்ள வங்கி ஒன்றும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பார். அதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைத்து முழுச் சரக்கின் விலையையும் இழந்தவர்கள் உண்டு.

வங்கி சரக்கைத் திறந்து பார்ப்பதில்லை; தாள்களை மட்டுமே பார்க்கும். கடிதத்தில் 500 பெட்டி என்று இருந்து, கப்பல் நிறுவனம் கொடுத்த சரக்குச் சீட்டில் 498 பெட்டி என்று இருந்தால், வங்கி பணத்தை நிறுத்திவைக்கலாம். ஆகவே, கப்பல் புறப்படும் நாளன்று அந்த இளைய வணிகர் துறைமுகத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருக்க மாட்டார். தம் அலுவலக மேசையில் அமர்ந்து, சீட்டிலுள்ள ஒவ்வொரு பெயரையும் ஒவ்வோர் எண்ணையும் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.