பற்றறியில் வயரை எப்படிப் பிடிக்க வைப்பது?

றேடியோ கரகரக்கும், முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் திரும்பப் பாடும். ரோச் லைற் மஞ்சளாக எரியும். மூடியை இறுக்கினால் வெளிச்சம் வரும். இரண்டுக்கும் பற்றறியைத்தான் குற்றம் சொல்கிறோம், புதிது வாங்கிப் போடுகிறோம். பிழை பெரும்பாலும் பற்றறியும் உலோகமும் தொடுகிற இடத்தில், ஒரு குண்டூசித் தலையளவு பரப்பில் இருக்கும். எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் கொஞ்ச நேரத்தில் கடலோ கடனீரேரியோ வந்துவிடுகிற யாழ்ப்பாணக் குடாநாட்டில் உப்புக்காற்று முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். எந்த வேலைக்கு எந்த இணைப்பு என்று தெரிந்து வைத்திருந்தால் பற்றறிக் காசில் பாதி மிஞ்சும்.

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு பற்றறி போடுகிற பழைய ரோச் லைற்றின் குமிழ் 2.5 வோல்ற்று, 0.3 அம்பியர். அடிப் பற்றறிக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஒன்று, இரண்டு பற்றறிகளுக்கும் இடையில் ஒன்று, மேல் பற்றறிக்கும் குமிழின் அடிக்கும் இடையில் ஒன்று என்று மூன்று தொடுகைகள் இருக்கின்றன. அழுக்காலும் துருவாலும் ஒவ்வொன்றிலும் அரை ஓம் தடை ஏறிவிட்டால், ஏறத்தாழ 0.45 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 3 வோல்ற்றில் இது ஏழில் ஒரு பங்கு. இழைக் குமிழின் வெளிச்சம் வோல்ற்றளவைவிட வேகமாக இறங்கும் என்பதால் கண்ணுக்கு இழப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். 30 மில்லி அம்பியரில் மெல்லப் பாடுகிற சின்ன றேடியோவுக்கோ அதே அழுக்கால் வரும் நட்டம் இதில் பத்திலொரு பங்குதான். சத்தத்தைக் கூட்டும்போதுதான் அது கரகரக்கத் தொடங்கும். ஆகவே இணைப்பைத் தெரிவு செய்யுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு மின்னோட்டம் போகப்போகிறது என்பது. அடுத்தது, அந்த இணைப்பு எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பது. மூன்றாவது, பற்றறியை இடைக்கிடை கழற்ற வேண்டியிருக்குமா என்பது.

கடையில் கிடைக்கிற சாதாரணப் பற்றறிகள் வயர் கொழுவுவதற்கென்று செய்யப்பட்டவையல்ல என்பதே சிக்கலின் வேர். ஒரு காலத்தில் அப்படியும் இருந்தது. பழைய தொலைபேசிகளுக்கும் அழைப்பு மணிகளுக்கும் பாவித்த ஆறாம் இலக்க உலர்கலம் ஆறு அங்குல உயரம். அதன் தலையில் கையால் திருகுகிற பித்தளை நட்டுகள் இரண்டு இருக்கும். வயரைச் சுற்றி இறுக்கினால் மாதக்கணக்கில் அசையாது. 4.5 வோல்ற்றுத் தட்டைப் பற்றறியில் நீளமும் கட்டையுமாக இரண்டு பித்தளை நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் கையில் இருக்கும் பெரிய ரோச் பற்றறியும் பென்ரோச் பற்றறியும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்டவை. அந்த அழுத்தத்தை நாமே உண்டாக்கிக் கொடுப்பதுதான் வேலை.

இந்த வேலையைக் குடாநாடு பொழுதுபோக்குக்காகப் படிக்கவில்லை. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் மின்சாரம் இல்லாமல் போனது. அரசு விதித்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. பற்றறி பொன்னுக்குச் சமமாக இருந்த அந்த வருடங்களில், இரவில் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலிச் செய்தியையும் கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியை உழக்கினார்கள். டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போனது. தீர்ந்த பற்றறிகளை வெயிலில் வைத்தார்கள், துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள், பலதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கை 2002 பெப்ரவரி 22 அன்று கைச்சாத்தானபோதுகூட, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள் கொண்டுபோகக்கூடாத பொருட்களின் இணைப்புப் பட்டியலில் முள்ளுக்கம்பி, திசையறி கருவி ஆகியவற்றோடு பென்லைற் (பென்ரோச்) பற்றறியும் இருந்தது. ஒரு சின்னப் பற்றறியின் அருமையை இந்த மண் அறிந்த அளவுக்கு அறிந்த இடங்கள் குறைவு. 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின் வெட்டப்பட்டபோதும் பல வீடுகளில் அந்தப் பழைய கைப்பழக்கம்தான் திரும்பி வந்தது.

இனி வழிகள். மிகக் கெட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

வயரின் நுனியைப் பற்றறியின் முனையில் வைத்துச் செலோரேப் ஒட்டுவது பள்ளிக்கூடத்து முதல் பரிசோதனைக்கு மட்டும் சரி. நமது வெயிலில் பசை இளகும், ரேப் வழுக்கும், அரை மணித்தியாலத்தில் வயர் முனையைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும். ரேப்புக்கு ஒட்டத் தெரியும், அழுத்தத் தெரியாது. அதே வயரைப் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு வளையத்தால் நீளவாக்கில் இறுக்கிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். இழுபட்டு நிற்கிற றப்பர் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது.

அதற்கு அடுத்த படிதான் நான் அதிகம் சிபாரிசு செய்வது: பேணித் தகடு. மீன் பேணியோ பால்மாப் பேணியோ, உள்ளே நிறப்பூச்சு இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு கீலங்கள் வெட்டுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், அரத்தால் மழுக்கிவிடுங்கள். ஒவ்வொரு கீலத்தின் நடுவிலும் ஆணி நுனியால் பின்பக்கமிருந்து தட்டி, ஓட்டை விழாமல் ஒரு சின்ன மேடு எழுப்புங்கள். தட்டையான தகடு எங்கே தொடுகிறது என்று தெரியாமல் பரந்து கிடக்கும். மேடு இருந்தால் றப்பரின் முழு அழுத்தமும் அந்த ஒரே புள்ளியில் விழுந்து மெல்லிய துருப் படலத்தை உடைத்து உள்ளே போகும். வயரைக் கீலத்தின் வெளி நுனியில் ஈயம் வைத்து ஒட்டுங்கள். தகட்டில் வெள்ளீயப் பூச்சு இருப்பதால் ஈயம் எளிதில் பிடிக்கும். பிறகு இரண்டு கீலங்களையும் பற்றறியின் இரு முனைகளிலும் வைத்து ரியூப் வளையத்தால் கட்டுங்கள். சூடு பற்றறிக்குப் போவதில்லை, பற்றறி தீர்ந்தால் கழற்றலாம், செலவும் இல்லை. குறை ஒன்றுதான்: வெட்டிய விளிம்பில் உருக்கு வெளியே தெரியும், மழைக்காலத்தில் அங்கேதான் துரு தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறை கீலத்தை மாற்றினால் போதும்.

கடையில் வாங்குகிற பிளாஸ்ரிக் பற்றறிப் பெட்டி பென்ரோச் அளவுக்கு நல்லது. வாங்கும்போது ஸ்பிரிங்கை விரலால் அமுக்கிப் பாருங்கள். நூல்போல மெல்லியதாக இருந்து, அமுக்கியபின் முழுதாக எழும்பாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். நிக்கல் பூச்சு மினுங்குவது நல்ல அடையாளம். அதில் ஏற்கெனவே புள்ளி புள்ளியாகக் கபிலம் விழுந்திருந்தால் மாரிக்குள் அது போய்விடும். எல்.ஈ.டி. ரோச்சுகளுக்குள் இருக்கும் மூன்று பற்றறிக் கூட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். அந்தச் சின்னக் கூட்டுக்குள் தொடுகைகள் அதிகம், அழுத்தம் குறைவு. அங்கே ஒன்று பழுதானால் பற்றறி புதிதாக இருந்தும் வெளிச்சம் வராது.

பள்ளிக்கூட விஞ்ஞானகூடத்துக்குப் பலகையும் பித்தளைத் திருகாணியும் சிறந்தவை. பேணிக் கீலத்தை நிமிர்த்திப் பலகையில் திருகி, அதே திருகாணியின் தலைக்கடியில் வயரைச் சுற்றி இறுக்கலாம். திருகாணி இறுகும் திசையிலேயே வயரையும் சுற்ற வேண்டும். எதிராகச் சுற்றினால் இறுக்கும்போது வயர் வெளியே தள்ளுப்படும். முதலைவாய்க் கிளிப் பரிசோதனைக்கு வசதி, ஆனால் நிரந்தரமாக எதையும் அதில் விட வேண்டாம். நேர், மறை இரண்டு கிளிப்புகளும் உரசிக்கொண்டால் வயர் சுடும். அல்கலைன் பற்றறியானால் கை பொறுக்காத அளவுக்குச் சுடும்.

பற்றறியிலேயே நேராக ஈயம் வைத்து ஒட்டுவதைப் பலர் மிக உறுதியான வழி என்று நினைக்கிறார்கள். தடை மிகக் குறைந்த இணைப்பு அதுதான் என்பது உண்மை. ஆனால் ஈயம் உருக 180 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். பற்றறியின் அடைப்பு பிளாஸ்ரிக்கும் கீலும் மெழுகும் சேர்ந்தது. அயனை இரண்டு, மூன்று செக்கனுக்கு மேல் பிடித்தால் அடைப்பு இளகி, சில கிழமைகளில் உள்ளிருப்பது கசியத் தொடங்கும். கட்டாயம் ஒட்ட வேண்டுமென்றால் முனையை அரத்தாளால் சுரண்டி, நல்ல சூடான பெரிய அயனால், றெசின் உள்ளடங்கிய ஈயக்கம்பியால் தொட்டெடுத்துவிடுங்கள். சின்ன அயன் சூடேற நேரமெடுக்கும். அதனால்தான் பற்றறி கூடுதலாகச் சுடுகிறது. தகடு ஒட்டப் பாவிக்கும் அமிலத் திரவம் வேண்டாம், உப்புக்காற்றோடு சேர்ந்து அது இணைப்பையே அரித்துவிடும். லிதியம் பற்றறியிலும் பொத்தான் பற்றறியிலும் ஒருபோதும் ஈயம் வைக்காதீர்கள், அவை வெடிக்கக்கூடியவை.

றேடியோவுக்கு வெளியிலிருந்து மின் கொடுக்க வேண்டுமானால் எனக்குப் பிடித்தது கட்டைப் பற்றறி, அதாவது பற்றறியின் அளவில் வெட்டிய மரத்துண்டு. பெரிய பற்றறி ஏறத்தாழ 34 மில்லிமீற்றர் பருமன், 61 மில்லிமீற்றர் நீளம். பென்ரோச் பற்றறி 14.5க்கு 50.5. அந்த அளவில் வேம்பு அல்லது பூவரசந் தடியை வெட்டி உலர்த்துங்கள். ஒரு முனையில் வட்டத் தலைப் பித்தளைத் திருகாணியை ஏற்றி, அதன் கழுத்தில் வயரைச் சுற்றி, தடியின் பக்கத்தில் வெட்டிய காடி வழியாக வெளியே கொண்டுவாருங்கள். இப்படி இரண்டு. நான்கு பற்றறி றேடியோவில் தொடர் தொடங்குகிற நேர் முனையிலும் முடிகிற மறை முனையிலும் மட்டும் இவற்றை வைத்தால் போதும். நடு இடங்கள் வெறுமையாக இருக்கலாம். றேடியோவைத் திறக்க வேண்டியதில்லை, ஸ்பிரிங்கில் ஒட்ட வேண்டியதில்லை, புதுப் பற்றறி கிடைத்த அன்று தடிகளை எடுத்துவிட்டுப் பழையபடி போடலாம். டைனமோவை இணைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: அது தருவது ஆடலோட்ட மின். நான்கு டயோட்டுகளைப் பாலமாகக் கட்டி நேராக்கி, ஒரு கொள்ளளவியும் வைத்த பிறகே றேடியோவுக்கு விட வேண்டும். அந்தப் பாலம் ஏறத்தாழ 1.4 வோல்ற்றைத் தானே எடுத்துக்கொள்ளும். வேகமாக உழக்கினால் வோல்ற்று ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

9 வோல்ற்றுப் பெட்டிப் பற்றறிக்குக் கிளிப் தேடி அலைய வேண்டாம். தீர்ந்த ஒன்றின் தலைத் தட்டைக் கவனமாகப் பெயர்த்தால் அதுவே கிளிப். ஆனால் பற்றறியில் சிறிய குமிழ் நேர், பெரிய வாய் மறை. பெயர்த்த தட்டைப் புதுப் பற்றறியில் பொருத்தும்போது அதன் குமிழ் மற்றதன் வாய்க்குள் போகிறது. ஆகவே தட்டின் குமிழிலிருந்து வருகிற வயர் இப்போது மறை. சிவப்பு வயரை வாயில் ஒட்டுங்கள். இதை மாற்றிக் கொடுத்தால் சின்னச் சுற்றுகள் ஒரு நொடியில் போய்விடும்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொக்கலேற் சுற்றிய அலுமினியத் தாளை மடித்து இடைவெளிக்குள் திணிப்பது எல்லாரும் செய்கிற வேலை. அலுமினியத்தின் மேல் எப்போதும் மின்கடத்தாத ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. செம்பு வயரோடு சேர்த்து உப்பீரத்தில் விட்டால் அலுமினியம் மிக விரைவாக அரிபடும். ஓர் இரவுக்குச் சரி, ஒரு மாதத்துக்குச் சரியல்ல. செம்பும் பித்தளையும் பச்சை பூத்தாலும் உள்ளே நல்ல உலோகம் இருக்கும். சுரண்டினால் திரும்ப வேலை செய்யும்.

கசிந்த பற்றறியைத் துடைப்பதிலும் தெரிவு உண்டு. சாதாரண காபன்–நாகப் பற்றறியின் கசிவு அமிலத் தன்மை உடையது. அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசித் துடையுங்கள். அல்கலைனிலிருந்து வருவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, காரம். அதற்குத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள். அல்கலைனைத் துளைக்கும் எண்ணமே வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கழுவுவதற்கு மழைத்தண்ணீர் நல்லது. தீவுப்பகுதிக் கிணறுகளைப் போன்ற உவர்நீரால் கழுவினால் அரிப்புக்கு நாமே உப்பு வைத்ததாகும். நன்றாகக் காய்ந்தபின் நகநுனியளவு வாஸ்லின் பூசுங்கள். அழுத்தம் இருக்கிற இடத்தில் அது விலகி உலோகத்தைத் தொட விடும், சுற்றிலும் ஈரத்தைத் தடுக்கும். அன்றைக்குத் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்ட பற்றறிகள் றேடியோவின் ஸ்பிரிங்கைத் தின்றதும் இதே காரணத்தால்தான்: காய்ந்த கலத்துக்கு ஈரம் கிடைத்துக் கொஞ்ச நேரம் உயிர் வந்தது, கூடவே நாகக் கவசம் வேகமாக ஓட்டை விழுந்தது. அப்படிப்பட்ட பற்றறியைப் பெட்டிக்குள் போடாமல் வெளியே மூங்கில் குழாயில் அடுக்கி, கட்டைப் பற்றறி வழியாக வயர் கொடுப்பதே றேடியோவுக்குப் பாதுகாப்பு.

ஆக, பிள்ளையின் பரிசோதனைக்குப் பலகையும் திருகாணியும். வீட்டு அவசர விளக்குக்கும் கோழிக்கூட்டு வெளிச்சத்துக்கும் பேணித் தகடும் ரியூப்பும். பழைய றேடியோவுக்குக் கட்டைப் பற்றறி. பென்ரோச் பற்றறியில் ஓடுகிற சின்னக் கருவிக்கு நல்ல ஸ்பிரிங் உள்ள பெட்டி. ஈயம், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும். எதைத் தெரிவு செய்தாலும் பல இழை வயரே பாவியுங்கள்; ஒற்றை இழை வளைந்து வளைந்து இணைப்பின் கழுத்தில் முறியும். ஐப்பசி மழை தொடங்குமுன் பாவிக்காத கருவிகளிலிருந்து பற்றறியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, மூடியுள்ள போத்தலில் தனியே வையுங்கள்.