நம்பிக்கைகளும் உண்மைகளும்: பிசினஸா, எகனாமிக்ஸா?

கலிபோர்னியாவில் 116 அரசு சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சேர்ந்து, முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் முடித்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் யுசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கோ சிஎஸ்யு எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ மாறிச் செல்வது அங்கே நன்கு பழகிய பாதை. அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நேராகப் படிக்கப் போகும் பிள்ளைகளிலும் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. இவர்களில் நிறுவனம், சந்தை, பணம் ஆகியவற்றில் ஈடுபாடு உள்ளவர்களை முதல் பருவத்திலேயே ஒரு கேள்வி பிடித்துக்கொள்கிறது: மேஜர், அதாவது முதன்மைப் பாடம், பிசினஸா, எகனாமிக்ஸா? வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பட்டத்தின் பெயரை வைத்துச் சொல்லப்படுபவை. கேள்வியைத் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல என்பதே என் வாதம். எந்தெந்த வளாகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், அவை எந்தப் பாடங்களை முன்கூட்டியே முடித்துவரச் சொல்கின்றன என்பதை முதலில் பார்த்தவருக்கு மேஜர் பற்றிய குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் நம்பிக்கை, பிசினஸ் படித்தால் வேலை, எகனாமிக்ஸ் படித்தால் வெறும் ஏட்டுப்படிப்பு என்பது. நம் பெற்றோரிடம் இது வலுவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.காம்., பி.பி.ஏ. ஆகியவை வேலைக்கான படிப்புகளாகவும், பி.ஏ. பொருளியல் கலைப்பிரிவில் கிடைத்த இடமாகவும் நெடுங்காலமாகப் பார்க்கப்பட்டு வந்திருக்கின்றன. அந்தக் கண்ணோடு அமெரிக்கப் பட்டத்தைப் பார்த்தால் தவறிவிடுவோம். அங்கே பொருளியல் என்பது கால்குலஸ், புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றின் மேல் நிற்கும் படிப்பு. ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இளநிலையில் பிசினஸ் மேஜரே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏவில் ஆண்டர்சன் மேலாண்மைப் பள்ளி புகழ்பெற்றது என்றாலும், இளநிலை மாணவருக்கு அங்கே வணிக நிர்வாகப் பட்டம் இல்லை. அவர்களுக்கு இருப்பது பொருளியல் துறை நடத்தும் பிசினஸ் எகனாமிக்ஸ். யுசி சாண்டா பார்பராவிலும் பொருளியலும், பொருளியலோடு கணக்கியல் சேர்ந்த படிப்பும்தான். இந்த வளாகங்களிலிருந்து வங்கிகளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் ஆண்டுதோறும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பட்டத்தில் பிசினஸ் என்ற சொல் இருந்தால்தான் நிறுவனங்கள் வேலை தரும் என்றால் இது நடந்திருக்க முடியாது.

இதற்கு நல்ல ஆதாரம் ஒன்றும் உண்டு. யுசி சாண்டா குரூஸ் வளாகம் 2008இல் ஒரு விதி கொண்டுவந்தது: பொருளியலின் இரண்டு அறிமுகப் பாடங்களிலும் சேர்த்துச் சராசரி 2.8 புள்ளி எடுத்தவர்தான் அந்த மேஜரில் தொடரலாம். சக்கரி பிளீமர், ஆஷிஷ் மேத்தா என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். திறமையில் ஏறத்தாழ ஒரேமாதிரியான இந்த இரு குழுவினரில் ஒரு குழுவுக்குக் கதவு திறந்தது, மற்றதற்குப் பெரும்பாலும் மூடிக்கொண்டது. 2022இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, கோட்டை ஒட்டி மேலே நின்று பொருளியல் படித்தவர்கள், தங்களது இரண்டாவது விருப்பப் பாடத்தைப் படித்திருந்தால் வேலையின் தொடக்க ஆண்டுகளில் ஈட்டியிருக்கக்கூடியதைவிட ஆண்டுக்குச் சுமார் 22,000 டாலர், அதாவது 46 விழுக்காடு, அதிகம் ஈட்டினார்கள். அந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், அவர்கள் அதிகச் சம்பளம் தரும் தொழில்துறைகளுக்குப் போனது. பொருளியல் ஏட்டுப்படிப்பு என்ற நம்பிக்கை இந்த ஆய்வின் முன் நிற்காது.

ஆனால் இதை வைத்து எதிர்த்திசையில் ஓடுவதும் பிழை. எகனாமிக்ஸ்தான் பணம் தரும், பிசினஸ் எளிதான படிப்பு, அதனால் மதிப்பில்லை என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வையே மேற்கோள் காட்டலாம். ஆனால் அது பொருளியலை அந்த மாணவர்களின் இரண்டாவது விருப்பப் பாடங்களோடு ஒப்பிட்டதே தவிர, தனி வணிகப் பள்ளி ஒன்றின் பட்டத்தோடு ஒப்பிடவில்லை. மேலும், பிசினஸ் என்பதே ஒரு படிப்பு அல்ல. 2021-22இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட சுமார் 20 லட்சம் இளநிலைப் பட்டங்களில் ஏறக்குறைய 3,75,000 பிசினஸ் பட்டங்கள். வேறு எந்தத் துறையும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. நிதி, கணக்கியல், சந்தைப்படுத்தல், மனிதவளம், பொது நிர்வாகம் எல்லாம் அந்த ஒரே தலைப்பில் அடக்கம். பொது நிர்வாகம் படித்தவரின் ஊதியத்தையும் நிதி படித்தவரின் ஊதியத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிவுசெய்வது நியாயமே இல்லை. சிபிஏ எனப்படும் கணக்காளர் உரிமம் பெற்றுத் தணிக்கையாளராக விரும்பும் மாணவருக்குக் கணக்கியல் பாடங்கள் இத்தனை அலகு வேண்டும் என்று மாநிலச் சட்டமே கேட்கிறது. அவருக்குக் கணக்கியலை மையமாகக் கொண்ட பிசினஸ் பட்டம் நேர்வழி. பொருளியல் பட்டத்தோடு அங்கே போகலாம், ஆனால் கணக்கியலைத் தனியாகச் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

அடுத்த நம்பிக்கை, இவை இரண்டும் முதல் நாளிலேயே பிரிந்துபோகும் பாதைகள் என்பது. சமுதாயக் கல்லூரியின் பாடப் பட்டியலைத் திறந்து பார்த்தாலே இது தவறு என்று தெரியும். நுண்பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், ஏதாவது ஒரு கால்குலஸ் ஆகியவற்றைப் பெரும்பாலும் இரண்டு மேஜர்களுமே கேட்கின்றன. பொதுக்கல்விப் பாடங்களும் பெரிதும் பொதுவானவை; 2025 இலையுதிர் பருவத்திலிருந்து யுசிக்கும் சிஎஸ்யுவுக்கும் சேர்த்து கால்-ஜெட்சி என்ற ஒரே பொதுக்கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உண்மையில் பாதை பிரிவது இரண்டு இடங்களில். ஒன்று கணக்கியல்: நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல் என்ற இரண்டு பாடங்களை சிஎஸ்யு பிசினஸ் பட்டங்கள் எதிர்பார்க்கின்றன, பொருளியல் பட்டம் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை. யுசிஎல்ஏவின் பிசினஸ் எகனாமிக்ஸோ இரண்டையும் கேட்கிறது. மற்றது கணிதம். மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

சமுதாயக் கல்லூரிகளில் பிசினஸ் கால்குலஸ் என்று ஒரு பருவப் பாடம் உண்டு. பல சிஎஸ்யு பிசினஸ் பட்டங்களுக்கு அது போதும். பாடம் சுருக்கமானது, பெயரும் பொருத்தமாக இருக்கிறது, ஆகவே பிசினஸ் என்று மனத்தில் முடிவுசெய்தவர் அதைத்தான் எடுக்கிறார். ஓராண்டு கழித்து யுசிஎல்ஏ பொருளியலையோ பிசினஸ் எகனாமிக்ஸையோ நினைக்கும்போதுதான், அங்கே அறிவியல் மாணவர்கள் படிக்கும் முழு கால்குலஸ் வரிசையில் இரண்டு பாடங்கள் வேண்டும், தான் படித்தது அந்தக் கணக்கில் வராது என்று தெரிகிறது. அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும், விண்ணப்பம் ஓராண்டு தள்ளிப்போகலாம். இதற்கு மாறாக முழு வரிசையை எடுத்தவருக்குப் பிசினஸ் பக்கம் திரும்புவதில் கணிதம் தடையாக இருப்பது அரிது. முடிவெடுக்காத மாணவர் கடினமான கால்குலஸையும் இரண்டு கணக்கியல் பாடங்களையும் முடித்துவிட்டால் அவருக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இரண்டு பக்கத்துக்கும் தயாராவது கூடுதல் செலவு, கூடுதல் காலம், கடினமான கணிதம் மதிப்பெண் சராசரியை இறக்கிவிடும் என்பார்கள். காலக் கணக்கைப் பார்ப்போம். மாற்றலுக்குத் தேவை 60 பருவ அலகுகள். யுசி சமுதாயக் கல்லூரியிலிருந்து 70 அலகுகள் வரை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் படித்தாலும் பாடம் முடித்ததாகவே கருதப்படும், அலகு எண்ணிக்கை மட்டும் அதிகரிக்காது. பொதுவான பாடங்கள் இவ்வளவு இருக்கும்போது, கூடுதலாக எடுக்க வேண்டியிருப்பது இரண்டு மூன்று பாடங்களே. சராசரியைப் பற்றிய கவலை உண்மையானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கால்குலஸ் ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து துன்பமாகவே இருக்கிறது என்றால், பொருளியலின் மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் அவருக்கு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் செய்தி அது. அந்தச் செய்தியை மாற்றலுக்குப் பின் அறிவதைவிட, கட்டணம் குறைவாக உள்ள சமுதாயக் கல்லூரியில் அறிந்து, சிஎஸ்யு பிசினஸ் பக்கம் திரும்புவது நல்ல முடிவு. அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை.

மிகுந்த இழப்பைத் தரும் நம்பிக்கை வேறொன்று: முதலில் எகனாமிக்ஸில் நுழைந்துவிடலாம், உள்ளே போனபின் பிசினஸுக்கு மாறிக்கொள்ளலாம். பெர்க்லி வளாகத்தின் ஹாஸ் வணிகப் பள்ளியை மனத்தில் வைத்துத்தான் பலர் இப்படித் திட்டமிடுகிறார்கள். ஹாஸுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பிப்பவர்களில் இடம் பெறுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பெர்க்லி பொருளியலில் அந்த வாய்ப்பு இதைவிடப் பலமடங்கு கூடுதல். வாய்ப்பில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, பின்வாசல் வழியாக வருவதைப் பல்கலைக்கழகம் அனுமதிக்காது என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது. மூன்றாம் ஆண்டில் வந்து சேரும் மாணவருக்கு மேஜர் மாற்றிக்கொள்ளக் காலமும் இல்லை. ஆகவே பெர்க்லியில் பொருளியல் கேட்பவர் பொருளியலையே படிக்க மனமிருந்து கேட்க வேண்டும். ஹாஸ் மட்டுமே வேண்டும் என்பவர், கிடைக்காவிட்டால் போக விரும்பும் வேறு வளாகங்களையும் விண்ணப்பத்தில் சேர்த்தாக வேண்டும். ஏனெனில் இரண்டாவது விருப்பமாகக் குறிப்பிடும் மேஜரை எல்லா வளாகங்களும் பரிசீலிப்பதில்லை.

உறுதியளிக்கப்பட்ட மாற்றல் என்ற சொல்லும் இதே வகையில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. யுசியில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களே டேக் எனப்படும் உறுதித் திட்டத்தில் உள்ளன. பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோ அதில் இல்லை. ஒரு மாணவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் கேட்கலாம், திட்டத்தில் உள்ள வளாகங்களிலும் எல்லா மேஜருக்கும் அது கிடையாது. சிஎஸ்யு பக்கம், 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே வந்த, சமுதாயக் கல்லூரி தரும் மாற்றல் அசோசியேட் பட்டம் அந்தப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடத்துக்கு உறுதி தருகிறது. விரும்பிய வளாகத்தில் விரும்பிய மேஜருக்குத் தருவதில்லை. நெரிசல் மிகுந்த வளாகங்களில் பிசினஸுக்குப் போட்டி கடுமை.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பட்டம் முடிந்தபின் ஓபிடி என்ற பயிற்சி வேலைக்கு 12 மாத அனுமதி கிடைக்கிறது, ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளின் பட்டியலில் உள்ள படிப்பானால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். பொதுவான பொருளியல் அந்தப் பட்டியலில் இல்லை. கணிதப் பொருளியல் சார்ந்த எகனாமெட்ரிக்ஸ் வகைப்பாடு இருக்கிறது. பொதுவான வணிக நிர்வாகம் இல்லை. மேலாண்மை அறிவியலும் வணிகப் புள்ளியியலும் இருக்கின்றன. ஒரே பெயருள்ள பட்டம் ஒரு வளாகத்தில் பட்டியலுக்குள்ளும் இன்னொன்றில் வெளியிலும் இருக்கக்கூடும். பட்டத்தின் வகைப்பாட்டுக் குறியீட்டைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்த வளாகம் எந்த மேஜருக்கு ஏற்றுக்கொள்கிறது என்ற விவரம் அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டேக் விண்ணப்பம் செப்டம்பரில், யுசி விண்ணப்பம் அக்டோபரிலிருந்து நவம்பர் இறுதிவரை. முதல் பருவத்தின் கணித வகுப்பில் பெயர் பதியும் முன்பே, விரும்பும் நான்கைந்து வளாகங்களின் பிசினஸ், பொருளியல் பட்டியல்களை அசிஸ்டிலிருந்து எடுத்துக்கொண்டு கல்லூரியின் மாற்றல் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.