மண் நட்சத்திரக் காளான்: இரு இனங்களும் அவற்றின் வேறுபாடுகளும்

மழை தொடங்கியதும் காட்டு மண்ணில் சிறு உருண்டைகளாகத் தோன்றி, முற்றியபின் மேல்தோல் வெடித்து நட்சத்திரம்போல் விரியும் காளான்கள் உண்டு. தாய்லாந்தில் இவற்றை 'ஹெட் போ' என்பர். விரியுமுன் தோண்டியெடுத்துச் சமைப்பார்கள், சந்தையிலும் விற்பார்கள். ஜார்க்கண்டின் சால மரக்காடுகளில் கிடைக்கும் 'ருக்டா'வும் இவ்வகையே.

தாய்லாந்துக் காளான்கள் முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்டன. ஆராய்ச்சிக்குப் பின், 2004-ல் அஸ்ட்ரேயஸ் ஓடரேட்டஸ், 2007-ல் அஸ்ட்ரேயஸ் ஏசியாட்டிகஸ் எனத் தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன.

வேறுபாடுகள்

ஓடரேட்டஸ்: மேல்தோல் வழவழப்பானது, மண் அதிகம் ஒட்டாது. விரியும்போது 3 முதல் 9 வரை அகன்ற இதழ்கள் காணப்படும். புதிய காளானில் ஈர மண்ணின் வாசனை வீசும்.

ஏசியாட்டிகஸ்: மேல்தோல் முழுவதும் குருணை தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கும்.

உள்ளே உள்ள வித்துத்தூளின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே அதை மட்டும் கொண்டு இனம் பிரிக்க இயலாது.

வைக்கோலில் வளருமா?

வளராது. சிப்பிக் காளான் வைக்கோலை மட்கச் செய்து உண்டு வளர்கிறது. இவ்விரு இனங்களோ உயிருள்ள மர வேர்களுடன் கூடி வாழ்பவை. பூசண இழைகள் நீரையும் மணிச்சத்தையும் மரத்திற்குத் தருகின்றன. மரம் சர்க்கரைச் சத்தைத் தருகிறது. ஆகவே 'மண் நட்சத்திரக் காளான் வித்து' என்று எவரேனும் வைக்கோல் படுக்கைக்கு விற்றால் வாங்கி ஏமாற வேண்டாம். தாய்லாந்தில் ஓடரேட்டஸ் பூசணத்தை நாற்றங்காலில் மரக்கன்றின் வேரில் ஏற்றி வளர்க்கும் முறையே ஆராயப்பட்டுள்ளது.

காளான் எளிதில் கண்ணில் படும் என்று சருகுக்குத் தீ வைப்பாரும் உண்டு. இதனால் இளங்கன்றுகள் கருகும். மரம் அழிந்தால் காளானும் இல்லை.

எச்சரிக்கை

தைல மரம், பைன் மரங்களின் அடியில் உருண்டையாக வளரும் ஸ்கிளிரோடெர்மா காளான் நச்சுத்தன்மை உடையது. இளம் பருவத்தில் அதன் உட்புறமும் வெண்மையாகவே இருக்கும்; பின்னரே கருநீலமாகும். ஆகவே வெண்மையை மட்டும் நம்பலாகாது. நச்சுக் குடைக்காளானின் மொட்டும் உருண்டையாகவே தோன்றும். நெடுக்காக வெட்டினால் உள்ளே குடையின் வடிவம் தெரியும்.

நன்கறிந்தவர் உறுதி செய்யாத எந்தக் காட்டுக் காளானையும் உண்ணக்கூடாது. தவறி உண்டு வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.