பூசணிப்பூவைப் பறித்தால் காய் குறையுமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது. தோட்டத்தில் இருந்த காலத்தில் அம்மா அதன் பூவில் பொரியல் செய்வார். பூவைப் பறித்தால் காய் குறையாதா? வேறு எந்தப் பூக்களைச் சமைக்கலாம்?
– வாசகி, ஈப்போ

பதில்: ஆண் பூவை மட்டும் பறித்தால் குறையாது. நீண்ட, மெல்லிய காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. இதழுக்கு அடியில் குட்டிக் காய் உருண்டிருந்தால் அது பெண் பூ, தொடாதீர்கள். மகரந்தத்துக்கு இரண்டு மூன்று ஆண் பூக்களை விட்டுவையுங்கள். உள்ளே எறும்பு இருக்கும், உதறிக் கழுவுங்கள்.

லயத்து வீடுகளின் கொல்லையில் வாழை, முருங்கை, அகத்தி எல்லாம் இருந்தனவே, அவற்றின் பூக்களும் கறிதான். வாழைப்பூவில் தலை தடித்த நரம்பையும் கண்ணாடி போன்ற சிறு செதிலையும் நீக்கி, மோர் கலந்த தண்ணீரில் நறுக்கிப் போட்டால் அவ்வளவாகக் கறுக்காது. முருங்கைப்பூவை முட்டையோடு வதக்கலாம். அகத்திப்பூவின் நடு நரம்பைக் கிள்ளி எறியுங்கள், கசப்பு குறையும்.

பசாரில் இளஞ்சிவப்பாகக் கூம்பிய மொட்டு விற்பார்களே, புங்கா கந்தான், அது இஞ்சி இனம். லக்சாவின் வாசத்தில் அதற்கும் பங்கு உண்டு. நம் வீடுகளில் அதை லக்சாவோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு அது வீண் தயக்கமாகவே படுகிறது. மெல்லியதாக அரிந்து, புளி ஊற்றிய மீன் குழம்பை இறக்கும் முன் போட்டுப் பாருங்கள்.

அரளி நஞ்சு, வாயில் வைக்கவே கூடாது. மாலைக்கு விற்கும் பூக்களில் பூச்சிமருந்து இருக்கலாம், அவையும் சமையலுக்கு வேண்டாம்.